ஏலியன் படத்துக்கு எங்கே இடைவேளை விடுவது?

போன வாரம் ஷாலினி தொலைபேசியில் அழைத்தாள். தேக்காவுக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்த திரையரங்கில் இப்போது அவள்தான் துணை மேலாளர். நான் ஓய்வு பெற்றதும் என் நாற்காலியில் உட்கார்ந்தவள்.

"அக்கா, ஏலியன் படமா போட்டு ஒரு வாரம் ஸ்பெஷல் பண்ணப் போறோம். உங்க ஃபேவரிட் அஞ்சு படம் சொல்லுங்க. போஸ்டர்ல உங்க பேர் போட்டு எழுதறோம்" என்றாள்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் ஒரு படத்தின் பெயரும் வாயில் வரவில்லை. வானத்திலிருந்து இறங்கிய கப்பலின் கதவு பாதி திறந்தபோது இடைவேளை விட்ட படம் நினைவுக்கு வந்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் ஒரு கண் தெரிந்தபோது விட்ட படம் நினைவுக்கு வந்தது. விஞ்ஞானி அம்மாள் கண்ணாடியைக் கழற்றியபோது விட்டுக் கெடுத்த படமும் வந்தது. பெயர்கள் போய்விட்டன, இடைவேளைகள் மட்டும் தங்கிவிட்டன. இதைச் சொன்னதும் ஷாலினி அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்ப அதையே எழுதிக் கொடுங்கக்கா" என்றாள். கேட்டது அவள். நீண்டுவிட்டால் அவளைத் திட்டுங்கள்.

தமிழ்ப் படம் எடுக்கிறவர் இடைவேளையை மனதில் வைத்துத்தான் எடுக்கிறார். சரியான இடத்தில் அடி விழும், எழுத்து வரும், விளக்கு எரியும், நாம் எழுந்து போவோம். ஆங்கிலப் படம் எடுக்கிறவருக்கு அந்தக் கவலை கிடையாது. அவர் பாட்டுக்கு ஒரே மூச்சில் எடுத்துவிடுகிறார். அதைத் தமிழில் பேசவைத்து எங்கள் அரங்குக்கு அனுப்பும்போது, பார்க்க வருகிறவர்கள் நம் ஆட்கள். அவர்களுக்கு இடைவேளை வேண்டும். ஆகவே எந்த இடத்தில் படத்தை நிறுத்துவது என்று முடிவு செய்ய ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நான்.

நான் தோ பாயோவில் பிறந்து வளர்ந்தவள். பள்ளி முடிந்த கையோடு டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தேன். "சும்மா மூணு மாசம் இருப்பா, அப்புறம் பேங்க்ல வேலை தேடிக்குவா" என்று அப்பா கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மூன்று மாதம் முடியவே இல்லை. டிக்கெட் விற்றேன், கிழித்தேன், டார்ச் அடித்து ஆட்களை உட்காரவைத்தேன், பாப்கார்ன் இயந்திரத்தில் கையைச் சுட்டுக்கொண்டேன், கல்யாணம் செய்துகொண்டேன், துணை மேலாளர் ஆனேன். இத்தனையும் அந்த ஒரே கட்டடத்துக்குள் நடந்தது. மாப்பிள்ளைகூடப் படம் பார்க்க வந்தவர்தான்.

மேலாளர் மாணிக்கம் சார். மெலிந்த உடம்பு, வெள்ளை முழுக்கைச் சட்டை. திங்கட்கிழமை என்றால் கேலாங் சிவன் கோயிலுக்குப் போய்விட்டு நெற்றி நிறையத் திருநீற்றோடு வருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் "பரவால்ல" என்பார். அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் எல்லோரும் நடுங்குவோம்.

புதுப் படம் வந்தால் வியாழக்கிழமை காலையில் ஊழியர்களுக்கு மட்டும் ஓட்டுவார். கவுண்டர் பெண்கள், துப்புரவு ஆன்டி, நான் எல்லோரும் நடு வரிசையில் உட்கார வேண்டும். அவர் ஒரு பிளாஸ்டிக் முக்காலியை எடுத்துக்கொண்டு போய்த் திரைக்கு அடியில் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி எங்களைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். முழுப் படமும் அப்படியே. நான் முதன்முதலில் பார்த்தபோது, இந்த மனிதருக்குப் படமே பிடிக்காது போலிருக்கிறது, பாவம், வேறு வேலை கிடைக்கவில்லை என்று நினைத்தேன்.

அன்றைக்கு ஓடியது ஒரு வேற்றுக்கிரகப் படம். மரத்துக்கு மரம் தாவுகிற, எலும்பே இல்லாத ஏதோ ஒன்று. படம் முடிந்ததும் நான் வாய் விட்டேன்.

"சார், நீங்க படத்தைப் பாக்கவே இல்லையே."

"படம் எனக்கு என்னா சொல்லப் போவுது. உன் மூஞ்சிதான் சொல்லும்" என்றார். "காலைத் தூக்கி சீட்டுல வச்சு உக்காந்திருந்த. அந்தக் கிழவன் செத்ததும் காலைக் கீழ விட்டுச் செருப்பைத் தேடுன. ஏன்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "டாய்லெட் போணும் போல இருந்துச்சு சார்."

"அதான். எல்லாரும் செருப்பைத் தேடுற நேரம்னு ஒண்ணு இருக்கு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி விட்டுடணும். நீ விடலன்னா அவங்களே விட்டுக்குவாங்க."

அதிலிருந்து நானும் இன்னொரு முக்காலி போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேற்றுக்கிரகப் படங்கள்மேல் எனக்கு ஆசை வந்தது அந்த முக்காலியில் உட்கார்ந்துதான். குடும்பப் படம் பார்க்கிற முகம் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் இதுவரை பார்த்திராத ஒன்றைப் பார்க்கிற முகம் அப்படியில்லை. துப்புரவு ஆன்டிக்கு அறுபது வயது. அந்தப் படங்களில் கப்பல் கதவு திறக்கும்போது அவருக்கு ஆறு வயதாகிவிடும். எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு பிடிக்கும்.

வேலை முறையைச் சொல்கிறேன், ஷாலினி சிரித்தாலும் பரவாயில்லை. முதலில் ஒலி அடங்க வேண்டும், பிறகுதான் படம் நிற்க வேண்டும். படம் முதலில் நின்றால் மின்சாரம் போய்விட்டதென்று நினைத்து விசிலடிப்பார்கள். விளக்கைப் பாதி ஏற்றி, ஆட்கள் பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் முழுக்க ஏற்ற வேண்டும். வலப்பக்கக் கதவைத் திறந்த பிறகு இடப்பக்கம், ஏனென்றால் கழிப்பறை வலப்பக்கம் இருக்கிறது. திரும்ப ஓட்டும்போது விட்ட இடத்திலிருந்து ஓட்டக் கூடாது. கொஞ்சம் பின்னால் போய்த்தான் தொடங்க வேண்டும். கறிபஃபைக் கடித்துக்கொண்டே இருட்டில் இருக்கை தேடுகிறவருக்கு அந்த இடைவெளி வேண்டும். டிஜிட்டல் புரொஜெக்டர் வந்த பிறகு எல்லாவற்றையும் கணினியில் முன்கூட்டியே குறித்துவைத்துவிடலாம். ஆனால் எங்கே குறிப்பது என்று கணினிக்குத் தெரியாது.

எந்த உணர்ச்சியில் விடுவது என்பதுதான் பெரிய கேள்வி. மாணிக்கம் சார் அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்.

"பயத்துல விட்டா டாய்லெட்ல கூட்டம். சோகத்துல விட்டா ஒருத்தரும் வெளிய வரமாட்டாங்க, உள்ளயே மூக்கைச் சிந்திக்கிட்டு இருப்பாங்க. சந்தேகத்துல விடு. சந்தேகம் இருந்தாத்தான் மனுசன் டீ குடிப்பான், பேசுவான்."

நான் அதை மீறி ஒரு தடவை பயத்தில் விட்டுப் பார்த்தேன். ஆளை விழுங்கும் கிரகவாசி, வாயை அகலத் திறந்து, உள்ளே வரிசை வரிசையாகப் பல். அந்த இடத்தில் நிறுத்தினேன். அன்றைக்கு உணவுக் கவுண்டரில் ஒரு வடைகூட விற்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு எதையும் வாயில் வைக்க யாருக்கும் மனம் வரவில்லை. மாணிக்கம் சார் வடைத் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பரவால்ல" என்றார். அந்த வாரம் முழுக்க நான் அவர் கண்ணில் படாமல் சுற்றினேன்.

சந்தேகத்தில் விட்டது எப்படி வேலை செய்யும் என்பதற்கும் ஒரு படம் உண்டு. வேற்றுக்கிரகவாசிகள் மனித உருவத்திலேயே ஊருக்குள் வாழ்கிறார்கள், யார் அசல், யார் அவர்கள் என்று தெரியாது. கதாநாயகன் வீட்டுக்கு வருகிறான், மனைவி சாப்பாடு பரிமாறுகிறாள், அவன் அவள் கையையே பார்க்கிறான். அங்கே விட்டேன். வெளியே டீ வரிசையில் ஓர் அங்கிள் தன் மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

"உண்மையச் சொல்லு. நீ யாரு?"

"முப்பது வருசம் கழிச்சு இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?" என்றார் அந்த அம்மாள், கறிபஃபில் இருந்து கண்ணை எடுக்காமல். வரிசையே சிரித்தது. பின்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு எனக்குச் சம்பள உயர்வு கிடைத்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

எங்கள் மாதா கோயிலிலும் விஷயம் பரவிவிட்டது. பூசை முடிந்து வெளியே வந்தால் பங்குத்தந்தை, "ஸ்டெல்லா, இந்த வாரம் எந்தக் கிரகம்?" என்று கேட்பார். ஒருமுறை மெதுவாக, "அவங்களுக்கும் ஞானஸ்நானம் உண்டாம்மா?" என்றும் கேட்டார். தண்ணீர் ஊற்ற அவங்களுக்குத் தலை எதுவென்று தெரிந்தால் சொல்கிறேன் ஃபாதர் என்றேன்.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அரங்கைப் போல இன்னும் சில அரங்குகளை வைத்திருந்த நிறுவனத்துக்குத் தெம்பனிஸில் தலைமை அலுவலகம். அங்கேயிருந்து காட்சி நேரங்களை முடிவு செய்தவர் மிஸ் லிம். என்னைவிட இளையவர். கையில் எப்போதும் டேப்லெட். பேசுவது ஆங்கிலத்தில், நடுநடுவே ‘லா’ என்று ஓர் இழுப்பு. அவர் பேசியதை இங்கே நான் தமிழில்தான் எழுத முடியும். வேகமாக நடப்பார், வேகமாக முடிவெடுப்பார், மனதில் வஞ்சகம் கிடையாது. ஞாயிறு மதியக் காட்சிக்கு ஆள் குறைந்துகொண்டே வந்ததால், அந்த நேரத்துக்கு அரங்கைக் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிடலாம் என்று அவர் சொல்லத் தொடங்கியிருந்தார்.

ஞாயிறு மதியம் என்றால் தேக்கா எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வாரம் முழுக்கக் கட்டுமான இடத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்த நம் ஊர்த் தம்பிகள் வந்து குவிகிற நாள். அவர்களில் முருகேசன் என்று ஒருவர். தஞ்சாவூர்ப் பக்கம், சாரம் கட்டுகிற வேலை. ஞாயிறு தவறாமல் நண்பர்களோடு வந்து நடு வரிசையைப் பிடித்துக்கொள்வார். வேற்றுக்கிரகப் படம் எப்போதாவது போட்டால் அவருக்குத் தலைகால் புரியாது. ஏன் தம்பி இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"சாமிப் படம்னா கும்புடணும்க்கா. குடும்பப் படம்னா வீட்டு நெனப்பு வந்துரும், அழுவணும். இது ஒண்ணுலதான் நம்மளுக்கு ஒரு வேலையும் கெடயாது. சும்மா ஒக்காந்து பாக்கலாம்."

அந்த ஞாயிறு மதியத்தை இந்தத் தம்பிகளிடமிருந்து பிடுங்கிக் கொடுக்க எனக்கு மனமில்லை. அவர்கள் பார்த்துச் சலித்த படங்களையே திரும்பத் திரும்பப் போட்டதால்தான் கூட்டம் குறைந்தது என்பது என் கட்சி. நேராகத் தெம்பனிஸுக்கே போய், தமிழ் பேசும் வேற்றுக்கிரகப் படங்களை ஞாயிறு மதியம் போட்டுப் பாருங்கள் என்று மிஸ் லிம்மிடம் கேட்டேன். அவர் டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"ஒரே ஒரு ஞாயிறு தருகிறேன், ஸ்டெல்லா. நானே வந்து உட்கார்ந்து பார்ப்பேன். ஆட்கள் பாதியில் எழுந்து போனால் அத்தோடு முடிந்தது. அப்புறம், இடைவேளை கிடையாது. அடுத்த காட்சி இடிக்கும். கேன் ஓர் நாட், முடியுமா முடியாதா?"

கேன் என்றேன். வேறென்ன சொல்வது.

நான் தேர்ந்தெடுத்த படம் என் உயிர். ஒரு லாரி ஓட்டுநர், யாரோடும் பேசாத முசுடு. உப்புப் பாலைவனத்தில் ஓட்டிப் போகும்போது சாலையோரம் ஒன்று கிடக்கிறது. பலாப்பழம் அளவு, மூன்று கை, வாய் கிடையாது. அது தூரத்து மலையைக் காட்டுகிறது. விடிவதற்குள் அதை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் கதை. முழுப் படமும் ஒரே பயணம்.

வியாழக்கிழமை வழக்கம்போல முக்காலிகளைப் போட்டு உட்கார்ந்தோம். படம் முடிந்ததும் மாணிக்கம் சார், "டயர் வெடிச்சுச் சத்தம் கேட்டுதே, அங்க விடலாம்" என்றார்.

"விட முடியாது சார். மிஸ் லிம் வேண்டாம்னுட்டாங்க. அதோட, இந்தப் படத்தை நிறுத்துனா கெட்டுப்போயிடும். இதுக்கு இடைவேளையே வேண்டாம் சார்."

"படத்துக்கு வேண்டாம்மா" என்றார் அவர். "ஆளுக்கு?"

நான் கேட்கவில்லை. ஒரு நாள்தானே, தாங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தேன்.

ஞாயிறு வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. முருகேசன் தன் கூட்டத்தோடு பக்கத்துத் தொழிலாளர் விடுதிக் கூட்டத்தையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். அரங்கு முக்கால்வாசி நிறைந்துவிட்டது. மிஸ் லிம் கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்தில் வாக்கிடாக்கியோடு நின்றேன். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் மேலே புரொஜெக்டர் அறையில் படத்தை நிறுத்திவிடுவார்கள். ஆனால் நிறுத்த மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

முதல் ஒரு மணி நேரம் அமர்க்களம். மூன்று கைக்காரன் சீட் பெல்ட்டில் சிக்கிக்கொண்டபோது ஒரே விசில். ஓட்டுநர் முறைத்தால் "அண்ணே, விட்டுருண்ணே" என்று குரல் கொடுத்தார்கள். மிஸ் லிம் திரையைவிடக் கூட்டத்தைத்தான் அதிகம் பார்த்தார். அவர் உதட்டோரம் லேசாக அசைந்ததுகூட எனக்குத் தெரிந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அப்போது டயர் வெடித்தது. லாரி இழுத்துக்கொண்டு போய் நின்றது. முகப்பு விளக்கு அணைந்தது. எஞ்சின் அடங்கியது. திரை முழுக்க இருட்டு, சத்தமே இல்லை. பாலைவனத்து இரவு எப்படியிருக்கும் என்று நாம் உணர வேண்டும் என்பதற்காக அந்த இயக்குநர் அப்படியே விட்டுவைத்திருந்தார்.

ஒரு மணி நேரம் ஓடிய படம், பெரிய சத்தம், உடனே இருட்டு, அமைதி. நம் ஆளுக்கு அது என்ன என்று சொல்லவும் வேண்டுமா? முன்வரிசையில் செருப்பு தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு நடு வரிசையில். பிறகு எங்கும் சரக் சரக் என்று செருப்புகள். ஒருவர் எழுந்தார், அவர் பக்கத்தில் இருந்தவர் எழுந்தார், அதன்பின் மொத்த அரங்கும் எழுந்துவிட்டது. வலப்பக்கக் கதவை அவர்களே தள்ளித் திறந்துகொண்டு போனார்கள். திரையில் மெல்ல வெளிச்சம் திரும்பியபோது அதைப் பார்க்க எங்கள் இருவரைத் தவிர ஓர் ஆளும் இல்லை.

மிஸ் லிம் எழுந்து நின்றார். "எல்லாரும் போகிறார்கள், ஸ்டெல்லா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. என்மேல் இரக்கம்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வாக்கிடாக்கியை வாய்வரைக்கும் கொண்டுபோனேன். கொடுத்த வாக்கு தடுத்தது. வெளியே ஓடினேன்.

வெளியே திருவிழாதான். உணவுக் கவுண்டருக்குப் பின்னால் மாணிக்கம் சார், முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டு, ஆற்றிய தே தாரிக் டீயை எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கோப்பைகள் முன்கூட்டியே ஊற்றித் தயாராக வரிசையாக இருந்தன.

"சார், உள்ள படம் ஓடிக்கிட்டு இருக்கு."

"தெரியும்மா. நான் ஒண்ணும் பண்ணல. டீதான் போட்டேன்."

நான் கையைத் தட்டிக் கத்தினேன். "தம்பிங்களா, இது இடைவேளை இல்ல. படம் ஓடுது. உள்ள வாங்க."

முருகேசன் டீயும் கையுமாக என்னைப் பார்த்தார். "என்னாக்கா சொல்றீங்க? லைட்டு எரியலையேன்னு நானும் நெனச்சேன். பின்னாடி வந்தவன் தள்ளிட்டான், வந்துட்டேன்." சொல்லிவிட்டு ஓடினாரா? இல்லை. டீ சூடாக இருந்தது. கழிப்பறை வாசலில் வரிசை அசையவில்லை. ஆளாளுக்கு, இந்தா வந்துட்டோம்க்கா என்றார்கள், அந்த இடத்தைவிட்டு ஒருவரும் நகரவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

தனியாக உள்ளே திரும்பினேன். மிஸ் லிம் கிளம்பியிருப்பார் என்றுதான் நினைத்தேன். கடைசி வரிசையில் அவர் இல்லை. அந்த வெற்று அரங்கில், நட்ட நடு வரிசையில், முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, திரையைப் பார்த்து வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார். டேப்லெட்டைக் காணோம்.

கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். திரையில் லாரி மறுபடி ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் பெட்டிக்குள் கிடந்த மூன்று கைக்காரன் இப்போது முன்னிருக்கையில் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். முசுடு ஓட்டுநர் சிரிக்கிறார். ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"அக்கா, டயரை யாரு மாத்துனா?"

"ஏன்க்கா சிரிக்கிறான் அவன்?"

"சண்டைல்ல போட்டுக்கிட்டு இருந்தானுவ, எப்ப ராசி ஆனானுவ?"

ஒரே கூச்சல். எனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் அந்தக் கூச்சலில் என் குரல் எடுபடவில்லை. அந்த அரங்கில் அன்றைக்கு அந்தப் பத்து நிமிடத்தைப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்குத் தமிழ் தெரியாது. எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

மிஸ் லிம் எழுந்து என்னிடம் வந்து கையை நீட்டினார். வாக்கிடாக்கியைக் கொடுத்தேன். "புரொஜெக்டர் பூத், படத்தை ஸ்டாப் பண்ணு லா. லைட் போடு" என்றார்.

"கொஞ்சம் பின்னாடி ஓட்டலாமா, மிஸ் லிம்?"

"நேரம் இல்லை" என்று சொல்லிவிட்டு, திரைக்கு முன்னால் போய் நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஓக்கே. டயர். பூம்" என்றார்.

நான் தமிழில் சொல்ல வாயைத் திறந்தேன். "டயர் வெடிச்சதும்..."

"அக்கா, நீங்க சும்மா இருங்க" என்றார் முருகேசன். "எங்களுக்குப் புரியுது."

அதன்பின் மிஸ் லிம் ஆங்கிலத்தையும் விட்டுவிட்டார். இரண்டு கைதானே இருக்கிறது, மூன்றாவதற்கு யாரோ மடித்து வைத்திருந்த குடையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். மூன்று கையாலும் டயரைக் கழற்றினார். சுற்ற வேண்டிய பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கம் சுற்றினார். லாரி கீழே தட்டென்று உட்கார்ந்ததை அவரே உட்கார்ந்து காட்டினார். மூன்று கைக்காரன் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். ஓட்டுநர் முதன்முறையாகச் சிரித்தார். ரொட்டியில் பாதியைக் கொடுத்தார். அந்த மக்கு, ரொட்டியை எறிந்துவிட்டு அதைச் சுற்றியிருந்த தாளை வயிற்றில் வைத்து உறிஞ்சிக்கொண்டது. கடைசியில் ஓட்டுநர் அதன் கையைப் பிடித்து ஹாரன்மேல் வைத்தார். மிஸ் லிம் குடையின் முனையால் காற்றில் அமுக்கினார். அரங்கு முழுக்கப் "பாம்" என்று சத்தம் கொடுத்தது.

மாணிக்கம் சார் டீத் தட்டோடு கதவருகே நின்று மிஸ் லிம்மையே பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக ஆட்களைப் பார்க்கிற மனிதர் அன்றைக்கு ஒருமுறைகூட ஆட்கள் பக்கம் திரும்பவில்லை. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மிஸ் லிம்முக்குக் கன்னம் சிவந்துவிட்டது. குடையைக் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போகப் பார்த்தார். முருகேசன் தன் பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டினார். அங்கேயே உட்கார்ந்துகொண்டார். படம் மறுபடி ஓடியது.

மலையடிவாரத்தில் லாரி நின்று மறுபடியும் விளக்கணைந்தபோது செருப்புகள் சரசரத்தன. மிஸ் லிம் எழுந்து, உட்காருங்கள் என்று உள்ளங்கையைக் கீழே அமுக்கிக் காட்டினார். அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்கள். படம் முடிந்தபோது விசில் காதைப் பிளந்தது. நான் இருட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்னை யாரும் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. மிஸ் லிம் கவுண்டர் பக்கம் நின்று தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தார். நான் போய் அவர் முன்னால் நின்றேன்.

"இடைவேளைக்கு எவ்வளவு நேரம் வேண்டும்?" என்று கேட்டார்.

"பதினஞ்சு நிமிஷம்."

"பத்து."

"கேன்" என்றேன்.

"அடுத்த ஞாயிறு என்ன படம்?"

நான் பதில் சொல்வதற்குள் படியில் இறங்கிக்கொண்டிருந்த முருகேசன் திரும்பினார். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டினார். "ஏலியன் படம், மேடம். யூ கம். யூ ஸ்டோரி டெல்."

அடுத்த ஞாயிறு மழைக்கான அறிகுறியே இல்லை, வெயில் கொளுத்தியது. மிஸ் லிம் குடையோடு வந்தார்.